இரண்டு இழுப்பு

நம்பாதவர்களிடம் இதைச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தாள் கிறிஸ்டினா. ஆனால் நடந்தது நடந்ததுதான். போன வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை, வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், பட்டப்பகலில்.

மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வது அவள் வேலை. அன்று கட்டிலில் கிடந்தவன் வசந்த். ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஷெட் ஒன்றின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கியவன். விஷவாயு அடித்து ஐந்து வாரமாகக் கண் திறக்கவில்லை. உள்ளே நினைவு மிச்சம் இருக்கிறதா என்று அவள் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் மூச்சு தரும் மிஷினின் குழாயை எடுத்துவிடுவார்கள்.

மதியம் 2.10. தலையில் ஒயர்களை ஒட்டினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். காதருகே கை தட்டினாள். நகத்தை அழுத்தினாள். அலைகள் எதையும் சட்டை செய்யவில்லை.

2.31. திரையில் இரண்டு கூர்முனைகள். பதினோரு வினாடி கழித்து மறுபடி இரண்டு. குளிரூட்டிய அறையில் எங்கிருந்தோ சுண்ணாம்பும் அழுகிய தோலும் கலந்த வாடை...

வசந்தோடு வேலை செய்யும் சின்னசாமி கிட்டே வந்தார்.

"இன்னா மேடம் அது?"

"மூளை சும்மா இருக்காதுண்ணா. ஆள் இல்லாத வீட்ல ஃப்ரிட்ஜ் ஓடுற மாதிரி, தானா ஓடினே இருக்கும். அதுக்கு நெனப்பு வேணாம்."

"இல்ல மேடம். தொட்டில எறங்குறவன் இடுப்புல கயிறு கட்டுவோம். ரெண்டு தபா இழுத்தா, மேல தூக்குன்னு அர்த்தம்." அவர் குரல் இறங்கியது. "அன்னிக்கு கயிறு என் கையில. போன்ல பேசினு இருந்தேன்."

கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த வசந்தின் மனைவி எழிலரசி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அதுவரை அவளுக்கு இது தெரியாது.

"வெளிய போண்ணா," என்றாள். பிறகு, "மேடம், அப்ப அவரு உள்ள இருக்காரா?"

கிறிஸ்டினா திரையைப் பார்த்தாள். கயிறு என்று ரிப்போர்ட்டில் எழுதினால் டாக்டர் சிரிப்பார்.

"மிஷினுக்குக் கயிறெல்லாம் தெரியாதும்மா."

தேவையில்லாத அலைகளை வடிகட்டும் பொத்தானை அழுத்தினாள்.

முனைகள் மறையவில்லை. நெருங்கின. ஐந்து வினாடி. மூன்று.

2.51. ஒயர்களைப் பிடுங்கினாள்.

திரையில்... இரண்டு.

மறுபடி... இரண்டு.

மிஷினை அணைத்தாள்.

'நினைவின் அறிகுறி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

புதன்கிழமை குழாயை எடுத்தார்கள். வியாழன் மாலை நான்கு மணிக்குப் பாலாற்றங்கரையில் புதைத்தார்கள்.

திங்கட்கிழமை பழைய பதிவுகளை அழிக்க உட்கார்ந்தாள். வசந்தின் பதிவு நாற்பத்தொரு நிமிடம் இருக்க வேண்டும். இரண்டு நாள் எட்டு மணி நேரம் என்று காட்டியது.

பதிவை வியாழன் மாலை நான்கு மணிக்கு நகர்த்தினாள். அதுவரை இரண்டிரண்டாக.

அதற்குப் பின் இடைவெளியே இல்லை.

இரவு 10.10 வரை இழுத்திருக்கிறான்.