குதிகால் படாத நடை

என் தம்பியின் செருப்பில் முன்பக்கம் மட்டும்தான் தேயும். குதிகால் பக்கம் கடையில் வாங்கியபடியே இருக்கும். ஆறு வயதிலும் நுனிக்காலில்தான் நடந்தான். ராஜபாளையத்தில் எங்கள் தெருவே அவனைப் பூனை என்று கூப்பிட்டது. அவனும் 'மியாவ்' என்பான். இது எண்பதுகளின் நடுவில் நடந்தது. நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சலாக வருகிறது.

அடிக்கடி விழுவான். எழும்போது கையை முழங்காலில் ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேல் தானே ஏறுகிறவன் மாதிரி எழுவான். "ஏலே கிழவா, கம்பு வேணுமா?" என்று அம்மா ஏசுவாள். நாங்கள் எல்லோரும் சிரிப்போம்.

எங்களைக் கவலைப்பட விடாமல் செய்தது அவன் கெண்டைக்கால். வயதுக்கு மீறிய பருமன். அப்பா பட்டாளத்தில், மாமா போலீஸில். அப்படிப்பட்ட வீட்டில் ஆண்பிள்ளையிடம் வேறென்ன பார்ப்பார்கள்? லீவில் வந்த மாமா அந்தக் காலை அமுக்கிப் பார்த்து, "அக்கா, இது போலீஸ்காரன் காலு. இப்பமே எம்புட்டு திரண்டிருக்கு பாரு!" என்றார். அன்றிலிருந்து அம்மா தினமும் அதற்கு நல்லெண்ணெய் தேய்த்தாள். பெருமை எங்கள் கண்ணை மறைத்தது.

அடுத்த வருஷ லீவில் வந்த மாமாவோடு மலையில் இருக்கும் அய்யனார் கோவிலுக்குப் போனபோது, ஒரு சின்னப் பாறைமேல் காலைத் தூக்கி வைக்க அவனால் முடியவில்லை. மாமா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார். இறங்கும்போது அந்தக் கெண்டைக்காலை மறுபடி மறுபடி அமுக்கிப் பார்த்தார். மறுநாளே எங்களை ஸ்ரீவில்லிபுத்தூரில் குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் தம்பியைத் தரையில் உட்காரச் சொல்லி, எழச் சொன்னார். அவன் வழக்கம்போல் எழுந்தான். டாக்டர் சிரிக்கவில்லை. நர்ஸோடு அவனை வெளியே அனுப்பினார்.

"காலு கல்லு மாதிரி இருக்கே சார்" என்றாள் அம்மா.

"அது பலம் இல்லம்மா. சதை செத்து, கொழுப்பு ஏறியிருக்கு. இதுக்கு மருந்து கிடையாது. சில வருஷத்துல நடக்கிறது நின்னுரும். பொறவு மூச்சுக்கும் கஷ்டம் வரும்."

பஸ்ஸில் அம்மா என் காதில், "அவனுக்குத் தெரியக் கூடாது" என்றாள்.

மறுநாள் காலையில் வாசலில் விழுந்தான். அம்மா ஓடிப்போய் வாரி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மாமா தண்ணீர் கொண்டுவந்தார். நான் அவன் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டேன். அவன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"ஏன்க்கா, இன்னைக்கு யாருமே ஏசல? டாக்டரு என்ன சொன்னாரு?"