கோவையிலை தேய்த்த சிலேட்டு

பிள்ளைகளே, உங்கள் வயதில் நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன்.

காக்களூரில் நான் வேலை செய்யும் கம்பெனியில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் இருக்கிறது. நேற்று மத்தியானம் என் மகள் மீனா அதில் பள்ளிக்கூடக் கட்டுரை அடித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது.

"சேவ் பண்ணவே இல்லியே நைனா" என்று அழுதாள்.

கரண்ட் வந்ததும் திறந்தோம். கட்டுரை தானாகவே திரையின் ஓரத்தில் வந்து நின்றது.

"போனது வந்துச்சு பாரு நைனா."

எனக்குச் சின்ன வயதில் சிலேட்டுத் தேய்த்த கோவையிலையின் வாசனை அடித்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. தங்கச்சி செல்வி தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டு, முதன்முதலாக என் சிலேட்டில் பெரிதாக எழுதினாள். அன்றைக்கே காய்ச்சல் என்று திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் கணக்குப் போட வேண்டுமே என்று, கரியும் கோவையிலையும் வைத்துச் சிலேட்டைத் தேய்த்துக் கழுவினேன். செல்வி திரும்பி வரவில்லை.

காரியம் முடிந்த பிறகு அம்மா கேட்டாள்: "பாப்பா எழுதிக்கினு இருந்துச்சே, அது எங்கடா?"

"அழிச்சிட்டேம்மா."

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எச்சில் தொட்டு அழித்த எழுத்து, காய்ந்தால் மங்கலாகத் திரும்ப வரும் என்று மட்டும் தெரியும். சிலேட்டை வெயிலில் வைத்தாள்.

"காயட்டும், வந்துரும்" என்றாள்.

கோவையிலை தேய்த்தால் வராது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. பொழுது சாயும்வரை அம்மா சிலேட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

"இப்ப சேவ் பண்ணட்டா நைனா?" என்றாள் மீனா.

"பண்ணும்மா. ரெண்டு எடத்துல பண்ணி வை."