உப்பு மண்ணில் வைத்த மல்லிகை

சிராங்கூன் ரோட்டில் ஏழு கடைவீடுகளுக்குச் சுவர் எழுப்பியவன் நான். எருமை புரண்ட சேற்றில் அஸ்திவாரம் நிற்காது என்றார்கள், நிறுத்திக் காட்டினேன். அப்புறம் இரண்டு பாலம், ஒரு குதிரை லாயம். கையெழுத்துப் போடவே முப்பது வயதில்தான் கற்றேன், அதற்குள் நான் கட்டியவற்றில் பாதி முடிந்திருந்தது. கடைசியாகக் காத்தோங்கில் கடலைப் பார்த்து எனக்கென்று ஒரு வீடு கட்டினேன்.

வீடு என் ஆசை, தோட்டம் என் மனைவியின் ஆசை. அவளுக்கு அப்போதே இளைப்பு நோய் முற்றியிருந்தது. சன்னலோரம் உட்கார்ந்து கை காட்டுவாள். நான் கயிறு பிடித்துச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவேன். கிழக்கே பூசைக்கு நந்தியாவட்டை, கிணற்றடியில் வாழை, சன்னலுக்கு நேரே மல்லிகைப் பந்தல்.

“செடிக்குமா தூக்குக்குண்டு பிடிப்பீங்க?” என்று சிரிப்பாள். சிரிப்பு இருமலில் போய் முடியும். “ஏங்க, பூக்கிற வரைக்கும் இருப்பேனா?”

“தை மாசம் தலையில வெச்சுக்கலாம், பாரு” என்று வாக்குக் கொடுத்தேன்.

மனையோ வெறும் மணல். எங்கள் ஊரில் கோடையில் ஏரி வற்றினால் வண்டலை வெட்டி வயலில் கொட்டுவார்கள். மண் கறுப்பாக இருந்தால் சத்து. எனக்குத் தெரிந்த விவசாயம் அவ்வளவுதான். ஆற்று முகத்துவாரத்துச் சதுப்பில் அதே கறுப்பு மண் கிடந்தது. தொங்கான் படகில் ஏற்றிவந்து முழங்கால் உயரம் நிரப்பினேன்.

கம்பம் என்கிற பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்த மலாய்க்காரர் ஒருவர் அதில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார். “மாசின் லா, தவுக்கே. ரொம்ப உப்பு, முதலாளி.”

“மண்ணைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா? போய்யா” என்று விரட்டிவிட்டேன்.

இரண்டே வாரத்தில் மல்லிகை இலையின் ஓரம் கருகியது. பிறகு நந்தியாவட்டை. பிறகு வாழைக் குருத்தும் சுருண்டது. அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “சன்னலைச் சாத்துங்க, வெயில் கண்ணு கூசுது” என்றாள். அன்று காலையிலிருந்து மழை.

அந்த மலாய்க்காரர் வீட்டுக்கு நானே போய் நின்றேன். எல்லாவற்றையும் அள்ள வேண்டும் என்றார். கூலியாள் வைக்காமல் என் கையாலேயே வெட்டி அள்ளினேன். மேட்டு நிலத்துச் செம்மண்ணை மாட்டு வண்டியில் கொண்டுவந்தேன். பாதிகூட நிரம்பவில்லை, அவள் போய்விட்டாள். அவளுக்குச் சாத்திய மாலை கடையில் வாங்கியது.

இப்போது பந்தல் கூரையைத் தொடுகிறது. பிள்ளையார் கோயிலுக்குத் தினமும் கூடையில் பூ போகிறது. ‘தாயின் நினைவாக மகன் அமைத்த தோட்டம்’ என்று வாசலில் கல் பதிக்க என் மகன் ஏற்பாடு செய்கிறானாம். மண் அள்ளிய நாளெல்லாம் அவன் பினாங்கில் இருந்தான். கல்லில் என் பெயர் வந்தாக வேண்டும். உப்பு மண்ணைக் கொட்டியவனும் நான், அதை அள்ளியவனும் நான். இரண்டையும் செதுக்கச் சொல்லுங்கள். அவள் பெயருக்குக் கீழே, அவன் பெயருக்கு மேலே.