விட்டுப்போன புள்ளிக்கோடு

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'வளைவு' என்றுதான் பெயர். சாலைக்கு வரைபடம் போடுவது அவர் வேலை. வழியில் குளம் வந்தாலும் சரி, பெரிய மரம் வந்தாலும் சரி, கோட்டை வளைத்துவிடுவார்.

"ரோடு போடச் சொன்னா பாம்பு வரைஞ்சு வச்சிருக்கீங்களே!" என்பார் பொறியாளர்.

"ஊரு முன்னாடியே இருக்கு சார். நாமதான் ஒதுங்கிப் போகணும்."

எந்த ஊருக்குச் சாலை என்றாலும் முதலில் அங்கே போய் நடப்பார். கடைக்கு எப்படிப் போவீங்க, பள்ளிக்கூடத்துக்கு எப்படி என்று எதிர்ப்படுகிறவர்களின் உயிரை வாங்குவார். ஜனங்கள் நடக்கிற தடமெல்லாம் வரைபடத்தில் புள்ளிக்கோடாகும். புள்ளிக்கோடு இருந்தால் சாலையின் நடுச்சுவரில் ஆள் கடக்க வழி விட வேண்டும். அது விதி.

போன வருஷம் அவர் குடியிருக்கும் பகுதிக்கே நான்கு வழிச் சாலை வந்தது. "பிறந்து வளர்ந்த இடம்யா, இதுக்குப் போய் நடக்கணுமா?" என்று நாற்காலியை விட்டு எழாமலே வரைந்தார். மரம் தப்பியது, குளம் தப்பியது. தன் சந்திலிருந்து எதிரே அக்கா வீட்டுக்குப் போகும் தடம் மட்டும் விட்டுப்போயிற்று. தினமும் கால் தானாகப் போகிற வழி. அதை வரைய வேண்டும் என்றே தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கதைதான்.

அக்காவுக்கு இவரை விட்டால் யாருமில்லை. முழங்கால் தேய்ந்தவள். சாயங்காலம் தடியை ஊன்றிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். சுவர் எழும்பியபோதுதான் இவருக்கு உறைத்தது. இனி ஒன்றரை கிலோமீட்டர் சுற்ற வேண்டும். பொறியாளரிடம் ஓடினார்.

"படத்துல இல்லாத பாதைக்கு எப்படிங்க வழி விடுறது? கீழ கையெழுத்து யாரோடதுன்னு பாருங்க."

மேலிடத்துக்கு மூன்று மனு எழுதினார். மூன்றும் படம் வரைந்தவரின் கருத்துக் கேட்டு அவர் மேசைக்கே திரும்பி வந்தன. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு நடை போய்ப் பார்த்திருக்கக் கூடாதா மனுஷன்?

நேற்று அவர் வீட்டுப் பக்கம் அவரோடு போயிருந்தேன். கையில் அக்காவுக்குச் சாப்பாட்டு டப்பா. இவர் சுவரை ஏறிக் குதித்துவிடுவார், அவளால் முடியுமா? லாரிகள் ஓயட்டும் என்று சாலையோரம் நின்றோம். எதிர்ப்புறம் தடியோடு நின்ற அக்கா போனில் கூப்பிட்டாள். சத்தமான குரல், எனக்கும் கேட்டது.

"எந்தப் பாவி வரைஞ்சானோ இதை! தம்பி, எல்லா ஊருக்கும் நீதானே வழி விட்டுக் குடுப்ப. இங்கயும் ஒண்ணு விடச் சொல்லுடா."

"சொல்றேன்க்கா," என்றார்.

"அப்ப நாளைக்குச் சாப்பிட அங்கயே வந்துடுறேன்," என்றாள் அக்கா.