எங்கள் வீட்டு அமெரிக்கா வண்டி

என் கணவர் பதினான்கு வருடம் துபாயில் ஓர் அரபி வீட்டில் டிரைவராக இருந்தார். அவர் ஓட்டியது ஓர் அமெரிக்கக் கார். அதன் பெயர் எங்கள் தெருவில் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் ‘அமெரிக்கா வண்டி’ என்றே எல்லோரும் சொன்னோம். நான் அதைத் தொட்டதில்லை, போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். இருந்தும் கொச்சியில், எங்கள் மட்டாஞ்சேரியில், என் மதிப்பு சில வருடம் அந்த வண்டியோடு ஏறியது, பிறகு அதோடு இறங்கியது.

சங்கரன்கோவிலில் பத்தாவது படித்து முடித்தேன். கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த இரண்டாம் வருடம் அவர் விமானம் ஏறினார். மாமியார் கார்ப்பரேஷனில் துப்புரவுத் தொழிலாளி. அவர் இறந்ததும் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. மசாலாக் கிடங்குகள் நிறைந்த பஜார் ரோட்டில் விடியும் முன்பே பெருக்க ஆரம்பிப்போம். சுக்குத் தூசியும் மிளகுத் தூசியும் கலந்து மூக்கில் ஏறும். வேலை முடித்து வீட்டுக்கு வந்தால் தும்மல் நிற்க ஒரு மணி நேரமாகும். அப்படித் தும்மிக்கொண்டே நின்ற ஒரு காலையில்தான் தபால்காரர் அந்த போட்டோ வைத்த கவரைக் கொடுத்தார்.

வெள்ளை வண்டி. அதன் நீளம் போட்டோவுக்குள் அடங்கவில்லை, பின்பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. என் கணவர் வெள்ளைச் சட்டை போட்டு, பசுவின் நெற்றியைத் தொடுவதுபோல பானெட்டில் கை வைத்து நின்றிருந்தார். கூடவே நான்கு பக்கக் கடிதம்.

‘இது சாதாரண கம்பெனி இல்ல’ என்று எழுதியிருந்தார். ‘அந்தக் காலத்துல கார் கிளப்பணும்னா முன்னால கம்பியச் சொருகிக் கையால சுத்தணுமாம். ஒருத்தன் ரோட்டுல நின்னுபோன வேற யாரோ வண்டிக்கு உதவப் போயி, கம்பி திருப்பி அடிச்சு செத்துப்போனானாம். அதக் கேட்டு இந்தக் கம்பெனிக்காரர் மனசு ஒடிஞ்சு, கையால சுத்தாமலே கிளம்புற வண்டி செய்யச் சொன்னாராம். ஒர்க்‌ஷாப்புல ஒரு லெபனான்காரர் சொன்னாரு. அமெரிக்காவுல ஒரு பொருள் ரொம்ப ஒசத்தின்னு சொல்லணும்னா இந்த வண்டிப் பேரச் சொல்லித்தான் சொல்லுவாங்களாம்.’

வண்டியின் சின்னத்தில் கால் இல்லாத ஆறு குட்டி வாத்துகள் இருப்பதாகவும் எழுதியிருந்தார். கால் இல்லாததால் எங்கும் உட்கார முடியாமல் அவை பறந்துகொண்டே இருக்குமாம்.

போட்டோவுக்குச் சட்டம் போட்டு வாசல் அறையில் மாட்டினேன். எதிர்வீட்டில் ஒரு கொங்கணிச் சேச்சி, பப்படம் இட்டு விற்பவள். முதலில் பார்த்தது அவள்தான்.

“ஏடி, இது உன் ஆளோட சொந்த வண்டியா?”

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தபோது, “ஆமா சேச்சி” என்று வந்துவிட்டது.

அந்த ஒரு சொல் தெரு முழுக்கப் போயிற்று. கல்யாண வீடுகளில் பாயில் உட்காரப் போன எனக்கு நாற்காலி போட்டார்கள். கூடப் பெருக்கும் பெண்கள், “இவளுக்கு எந்தினா, எதுக்கு இந்த வேலை?” என்று கேலி செய்தாலும், கேலிக்குள் ஒரு மரியாதை இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. அவருக்கு எழுதும் கடிதங்களில் வண்டி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் கேட்பேன். நான் சொன்ன பொய்யை மட்டும் எழுதியதே இல்லை.

வருடங்கள் போகப் போக வண்டியைப் பற்றிய செய்தி மாறியது. எட்டு சிலிண்டரில் பாதி தானாக ஓய்ந்து பெட்ரோல் மிச்சமாகும்படி கம்பெனி ஏதோ புதிதாகச் செய்து பார்த்ததாம், அது சரியாக வரவில்லை. வண்டி நடுரோட்டில் இருமிக்கொண்டு நிற்குமாம். அமெரிக்காவிலேயே ஒரு சின்னக் காரில் அந்தப் பெரிய சின்னத்தை ஒட்டி விற்கப் போய், ஜனங்கள் சிரித்தார்களாம். ‘இப்ப இத வயசானவங்க வண்டிங்கிறாங்க’ என்று ஒரு கடிதத்தில் இருந்தது. முதலாளி முதலில் ஒரு ஜப்பான் காரும், பிறகு ஒரு ஜெர்மன் காரும் வாங்கினார். அமெரிக்கா வண்டி அவருடைய மகளைப் பள்ளிக்கூடம் கொண்டுவிடவும், மீன் வாங்கவும் மட்டும் என்றானது. கடைசியில் அதற்கு உறை போட்டு மூடினார்கள். அதோடு என் கணவருக்கும் வேலை இல்லை.

ஒரு அட்டைப்பெட்டி, ஒரு கம்பளி. அவ்வளவோடு வந்து இறங்கினார். தெருவே வாசலில் கூடியிருந்தது. நான் சாயா ஊற்றிக்கொண்டிருந்தேன். கொங்கணிச் சேச்சி எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

“அப்போ உங்க வண்டி எவிடெ? கப்பல்ல வருதா?”

என் கை நின்றுவிட்டது. அவர் என்னை ஒரே ஒரு முறை பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

“வித்துட்டேன் சேச்சி. பெட்ரோல் ஊத்தி முடியல” என்று சொல்லிவிட்டு கிளாஸை எடுத்து ஊதிக் குடித்தார்.

எல்லோரும் போன பிறகு அடுக்களையில் அவர் பின்னால் போய் நின்றேன். “நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன்...” என்று ஆரம்பித்தேன்.

“பின்னே என்ன? பதினாலு வருஷம் ஓட்டுனது நான்தானே. முதலாளி ஒரு நாளாவது ஸ்டியரிங்கத் தொட்டிருப்பாரா?” என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

பிறகு ஆட்டோ ஓட்டினார். யூதர் தெருவான ஜூ டவுன் ஸ்டாண்டில் அவருக்கு ‘அமெரிக்கா’ என்று பெயர் விழுந்தது. முதலில் கிண்டலாகத்தான் சொன்னார்கள். நாளாக ஆக அதுவே பெயராகி, பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ‘அமெரிக்கா மாமன்’ என்றார்கள். எங்களுக்கு மகள் பிறந்து, வளர்ந்து, எர்ணாகுளத்தில் ஒரு ஆபீசில் வேலைக்கும் சேர்ந்தாள். நானும் ரிட்டயர் ஆனேன். போட்டோவின் வெள்ளை வண்டி மெல்ல மஞ்சள் வண்டியானது.

ஒரு நாள் மகள் போனில் எதையோ படித்துவிட்டுக் கூப்பிட்டாள். “அப்பா, உங்க கம்பெனி பின்னேயும் பழையபடி பெரிய ஆளாயிடுச்சு. வீடு மாதிரி கறுப்பு வண்டி ஒண்ணு விடுறாங்க, பாட்டுக்காரங்க எல்லாம் அதுலதான் வந்து இறங்குறாங்க. இப்போ கரண்ட்ல ஓடுறதும் வந்தாச்சு. ஆனா சின்னத்துல வாத்து இல்லையே?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “கால் மொளைச்சிருக்கும். எறங்கிப் போயிருக்கும்” என்றார்.

போன வருடம் ஆடி மாதம், கர்க்கடக மழையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்டாண்டிலிருந்து இரண்டு ஆட்டோக்காரர்கள் ஒரு பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். கறுப்பு அங்கி, கையில் ஹோட்டல் குடை, நாற்பதை நெருங்கும் வயது. ஆயுர்வேத சிகிச்சைக்கு எர்ணாகுளம் வந்தவள், மட்டாஞ்சேரி என்ற ஊர்ப்பெயரையும் ஒரு போட்டோவையும் மட்டும் வைத்துக்கொண்டு விசாரித்திருக்கிறாள். எங்கள் சுவரில் இருந்த அதே போட்டோவின் இன்னொரு பிரதி. ஆட்டோக்காரர்கள் அதில் ஆளை அடையாளம் காணவில்லை, வண்டியைத்தான் கண்டுபிடித்தார்கள். “இது நம்ம அமெரிக்காச் சேட்டனாணு!”

அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டோவின் மழைத்திரையைத் தைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வாசலில் நின்று, “சேட்டா” என்றாள்.

ஊசியைக் கையில் பிடித்தபடியே எழுந்தார். கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்தார். பிறகு அரபியில் என்னவோ கேட்டார். அவள் தலையாட்டினாள். அதற்குள் அவள் கண் நிறைந்துவிட்டது.

“முதலாளி மக” என்றார் எங்களிடம். “நான் ஸ்கூலுக்குக் கொண்டுவிட்ட பாப்பா.”

தெரு கூடிவிட்டது. கொங்கணிச் சேச்சி தடியை ஊன்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் நின்றாள். அந்தப் பெண் ஆங்கிலத்தில் பேசினாள், என் மகள் எல்லோருக்கும் கேட்கும்படி மலையாளத்தில் சொன்னாள். சுவரில் போட்டோவைப் பார்த்ததும் அந்தப் பெண் அருகில் போய், கண்ணாடியின் மேல் விரல் வைத்தாள்.

“இது என் அப்பாவோட கார்” என்று சொன்னாள். மகள் அதையும் அப்படியே மொழிபெயர்த்தாள்.

நான் தரையைப் பார்த்தேன். என் பழைய பொய் உடைந்துவிட்டது. இத்தனை வயதுக்குப் பிறகு, எல்லோர் முன்னாலும். சேச்சி என் பக்கம் நகர்ந்து வந்தது தெரிந்தது. சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“எந்தாடி தலை குனியுறே? எங்களுக்கு அப்பவே தெரியும். அவ்ளோ பெரிய வண்டி வச்சிருக்கிறவன் அட்டப்பெட்டியும் கொண்டு வருவானா?”

“பின்னே ஏன் சேச்சி அன்னிக்கு அப்படிக் கேட்டீங்க?”

“உன்னைச் சும்மா ஒண்ணு குத்திப் பார்க்கணும்னு தோணிச்சு. அவன் வித்துட்டேன்னு சொன்னான் பாரு, அதுக்கப்புறம் கேட்க மனசு வரல்ல.” என் முதுகில் மெதுவாக ஒரு அடி வைத்தாள். “போ, அந்தக் குட்டிக்கு சாயா போடு.”

சாயா குடித்துக்கொண்டே அந்தப் பெண் வண்டியின் கதையைச் சொன்னாள். அவள் அப்பா கடைசி வருடங்களில் நோயில் படுத்தபோது, ஜெர்மன் காரை மறந்துவிட்டாராம். அந்த வெள்ளை வண்டியின் உறையை எடுக்கச் சொல்லி, தினமும் சாயங்காலம் அதன் பின்சீட்டில் போய் உட்கார்ந்திருப்பாராம். எஞ்சின் கிளம்பாது, அது அவருக்குப் பொருட்டில்லை. அவர் இறந்த பிறகு, பழைய கார்களைச் சேர்க்கும் ஒருவர் வாங்கிச் சரிசெய்து வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள இப்போது ஆட்கள் வரிசையில் நிற்கிறார்களாம். அவளே ஓட்டுவது அதே கம்பெனியின் புதிய மின்சார வண்டி. போனில் ஒரு வீடியோ காட்டினாள்.

என் கணவர் போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். “ஓடுதா? சத்தமே இல்லையே.”

“சத்தம் இல்லாததுதான் அதுக்குப் பெருமை அப்பா” என்றாள் மகள்.

“நல்லா இருந்தப்ப நம்ம வண்டியும் சத்தம் போடாது” என்றார் அவர், கொஞ்சம் விட்டுக்கொடுக்காமல்.

புறப்படும்போது, டாக்ஸியை அனுப்பிவிட்டேன், நீங்கள்தான் கொண்டுவிட வேண்டும் என்றாள். அவர் உள்ளே போய் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். நானும் மகளும் அவளோடு பின்னால் ஏறினோம். பாதி தைத்த திரையின் இடைவெளி வழியே மழை எங்கள் மடியில் தெறித்தது. படகு ஜெட்டி அருகே ஒரு நிமிடம் நிறுத்தி, அக்கரையில் வல்லார்பாடம் துறைமுகத்தின் கிரேன்கள் மழைக்குள் மங்கலாக நிற்பதைக் காட்டினார். துபாயிலிருந்து கப்பல் அங்கேதான் வரும் என்றார். பிறகு மறுபடி ஊர்ந்தோம். பின்னால் ஒரு வெங்காய லாரி விடாமல் ஹாரன் அடித்தது.

“இவர் எப்பவும் இப்படித்தான்” என்று அவள் என்னிடம் சொன்னாள், மகள் வழியாக. “எனக்குக் காலையில தூக்கம் தெளியாது. பின்சீட்ல படுத்துடுவேன். நான் தூங்கணும்னு ஊரச் சுத்திப் போவார். ஸ்கூலுக்கு லேட்டாகும். அப்பா திட்டுவார். ரோட்டுல நெரிசல்னு சொல்லுவார், ஒரு நாள்கூட என்னைக் காட்டிக்கொடுத்ததில்ல.”

நான் முன்னால் பார்த்தேன். கண்ணாடியில் அவர் முகம் பாதிதான் தெரிந்தது. அவள் சொன்னது மழையில் அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

அவளை ஹோட்டலில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். பதினான்கு வருடக் கடிதங்களில் நான் வண்டியை விசாரித்திருக்கிறேன், அதில் யார் உட்கார்ந்து போனார்கள் என்று ஒரு வரி கேட்டதில்லை. மீன்குழம்பை ஊற்றிவிட்டுக் கேட்டேன்.

“அந்தப் பிள்ளை சின்னதுல எப்படி இருந்தா?”

அவர் பிசைந்த கையை அப்படியே வைத்து யோசித்தார். “கணக்கு வராது. அழுவா. நான் சிக்னல்ல நிக்கிறப்ப வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பேன், தமிழ்ல. எனக்கு வாய்ப்பாடு அப்படித்தானே தெரியும்” என்றார். பிறகு சிரித்தார், சிரித்துக்கொண்டே அடுத்ததைச் சொன்னார். அந்த வீட்டுச் சமையல்காரர், வெயில், பிள்ளை பள்ளியில் மறந்துவிட்டு வந்த செருப்பு, அவர் விடைபெற்ற காலையில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வராதது. சோறு ஆறிப்போயிற்று. நான் எழுந்து சூடாக்கவில்லை. எழுந்தால் நிறுத்திவிடுவார் என்று பயமாக இருந்தது.