சாமைக் காட்டு மண்

இதை எழுதலாமா என்று வருசக்கணக்காகத் தயங்கினேன். படிக்கிறவர்கள் எங்களைப் பெற்ற அய்யனை நினைத்துச் சிரித்துவிடுவார்களோ என்ற பயம்தான். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு இன்று எழுதுகிறேன். நாலாவது வகுப்போடு நின்றவள் நான். குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் இருந்த காலம். மலைமேல் தேவனூர் நாட்டில் எங்கள் ஊர். என்னைப் பெற்ற ஆத்தாளுக்கு விட்டு விட்டுக் குளிர்காய்ச்சல். வாரம் ஒருமுறை கம்பவுண்டரை மருந்தோடு மலைக்கு அனுப்பும்படி, ஊரார் கைநாட்டு வாங்கி அய்யன் அடிவாரத்துப் பஞ்சாயத்து போர்டுக்கு மனு கொடுத்திருந்தார். கூட்டத்தன்று என்னையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். எனக்கு எட்டு வயசு இருக்கும்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். குமாஸ்தா ஒவ்வொன்றாகப் படித்தார். தெருவிளக்குக்குச் சீமையெண்ணெய், சந்தைக்குக் கூரை, சாக்கடைக்குக் கல். தலைவர் வெற்றிலையை மென்றபடி, "ஆட்சேபனை உண்டா?" என்பார். யாரும் பேசமாட்டார்கள். "நிறைவேறியது" என்று மணியைத் தட்டுவார். அந்த மணிச் சத்தத்துக்காகவே நான் காத்திருந்தேன். எங்கள் மனு வந்தபோது உச்சிவேளை. பாதிப்பேர் துண்டை உதறி எழுந்துவிட்டார்கள். "அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது" என்றார் குமாஸ்தா. மணி அடிக்கவில்லை. எனக்கு அது ஒன்றுதான் குறை.

அய்யன் முகமோ மலர்ந்திருந்தது. எங்கள் பக்கம் ஒத்தி என்றால், காட்டை, அதாவது விளைநிலத்தை, ஈடாக விட்டு வேண்டியதை வாங்கிக்கொள்வது.

"கேட்டியா கண்ணு? ஒத்திக்கு ஒத்துக்கிட்டாங்க. ஈடு இல்லாம சர்க்கார் மருந்து குடுக்குமா? நம்ம சாமைக் காட்ட வெச்சுருவோம். அடுத்த கூட்டத்துல அடையாளமா ஒரு பிடி மண்ணக் கையில குடுத்தாப் போதும்."

நாலைந்து நாளில் காய்ச்சல் ஏறியது. ஆத்தாளைப் பெற்ற அப்புச்சி வந்து, "மாப்ள, தூளி கட்டிக் கீழ தூக்கிட்டுப் போயிரலாமுங்க" என்றார்.

"இந்தச் செங்குத்துல குலுக்கினாத் தாங்குவாளுங்களா? ஒத்தி பேசியாச்சுங்க மாமா. மருந்து ஊடு தேடி வரும்."

"வரலீன்னா?"

"சர்க்காருங்க மாமா. நம்ம பங்காளியா, பேச்சு மாற?"

அந்தக் காய்ச்சலிலும் ஆத்தாள் சிரித்தாள். "எனக்கு ஒரு காடே ஒத்தியா? அம்புட்டு வெலையா நானு?"

கூட்டம் முடிந்த ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தாள்.

அடுத்த கூட்டத்துக்கு அய்யன் மொட்டைத் தலையோடு போனார், நானும் கூடப் போனேன். ஊரில் இன்னும் நாலு பேர் படுத்திருந்தார்கள். கொடுத்த சொல்லும் இருந்தது. மண் முடிச்சை மேசைமேல் வைத்தார்.

"என்னப்பா இது?" என்றார் தலைவர்.

"ஒத்தி மண்ணுங்க சாமி."

"போர்டுக்கு ஏரோட்டத் தெரியாதேப்பா!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். குமாஸ்தா மட்டும் எழுந்து வந்து, அய்யன் காதருகே குனிந்தார்.

"அந்த ஒத்தி இல்லீங்க. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்னு தள்ளி வெக்கறதுங்க."

அய்யன் மண் முடிச்சை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். அன்று மனு நிறைவேறியது. மணி அடித்தது. நான் கைதட்டினேன்.

ஊர் திரும்பியதும் அந்த மண்ணைச் சாமைக் காட்டிலேயே உதிர்த்தார். "நம்ம காடு நம்மகிட்டயே திரும்பிருச்சாய்யா?" என்று குதித்தேன்.

"ஆமாங்கண்ணு, திரும்பிருச்சு."

சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்தவர், இருட்டும்வரை எழவில்லை. மணியும் அடித்தது, காடும் திரும்பியது, இன்னும் என்ன குறை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். அய்யனை ஏமாளி ஆக்கவேண்டாம். அந்தக் குமாஸ்தாவையும் பொல்லாதவர் ஆக்கவேண்டாம். அவர் எழுந்து வந்து, மெதுவாகத்தான் சொன்னார்.