ஜன்னலோர அடுப்பு யாருக்கு?

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் மூன்று குடும்பங்கள் இருந்தோம். முன்னறையில் யாழ்ப்பாணத்து அக்கா, பின்னறையில் தஞ்சாவூர் அக்கா, நடுவில் புதிதாகக் கல்யாணமாகி வந்த நான். சமையலறை ஒன்றுதான். அதில் காற்று வரும் ஜன்னலோர இடத்துக்காகச் சண்டை போட்டு இரண்டு அக்காக்களும் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். ஒருவர் உள்ளே நின்றால் மற்றவர் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். வீட்டுக்காரரான சீன முதலாளி, எங்களுக்குத் 'தவுக்கே', மூன்று அறையும் சேர்ந்து முடிவு செய்யட்டும் என்று கைகழுவிவிட்டார்.

ஆக, என் ஓட்டுக்குத்தான் கிராக்கி! சோறு வடிப்பதைத் தவிர எனக்குச் சமையல் தெரியாது என்பதை யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் வரவில்லை.

"பிள்ளை, இந்தச் சொதியை ஒருக்காச் சாப்பிட்டுப் பாரும்" என்று முன்னறையிலிருந்து ஒரு கிண்ணம் வரும். "ஏம்மா, வத்தக்குழம்பு வச்சேன், கொஞ்சம் எடுத்துக்க" என்று பின்னறையிலிருந்து இன்னொன்று. அமெரிக்காவும் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டு நின்ற காலம் அது. விடாமல் பேப்பர் படிக்கும் என் கணவருக்கு ஒரே குஷி.

"ரெண்டு பெரிய ஆளும் மோதிக்கிற வரைக்கும்தான் நடுவுல இருக்கிறவனுக்கு மரியாதை. எந்தப் பக்கமும் சாஞ்சிடாதே லா" என்பார், சொதியில் சோற்றைப் பிசைந்துகொண்டே.

கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே! அதனால் முன்னறைக் கிண்ணத்தில் வத்தக்குழம்பு போனது, பின்னறைக் கிண்ணத்தில் சொதி போனது. நான் திருநெல்வேலிக்காரி. சொதி எங்கள் பக்கத்திலும் உண்டு என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. இருவரும் என் கைப்பக்குவத்தைப் புகழ, எனக்கே கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது.

காரியத்தைக் கெடுத்தவை அந்தக் கிண்ணங்கள்தான். இரண்டும் ஒரே கடையில் வாங்கிய நீலக்கரை எனாமல் கிண்ணங்கள். ஒருநாள் அவசரத்தில் மாறிப்போய், முன்னறை அக்காவுக்கு அவருடைய சொதியே திரும்பிப் போனது.

"இது என்ர சொதியெல்லோ!" என்று நடையில் ஒரு சத்தம்.

பின்னறைக் கதவு திறந்தது. "இல்லையே, அது நடுரூம் பொண்ணு வைக்கிறதாச்சே. எனக்கும் வருமே!"

"உங்களுக்கும் வருமோ? அப்ப எனக்கு வாற வத்தக்குழம்பு ஆருடையது?"

மாதக்கணக்கில் பேசாதவர்கள் பேசிய முதல் பேச்சு. நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். திட்டு விழும் என்று பார்த்தால், சிரிப்பு! அன்றே சமரசமும் ஆகிவிட்டது. திங்கள், புதன், வெள்ளி ஜன்னல் முன்னறைக்கு. செவ்வாய், வியாழன், சனி பின்னறைக்கு. என் ஓட்டை யாரும் கேட்கவில்லை. கிண்ணமும் வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

வேறு வழியில்லாமல் அன்று நானே ரசம் வைத்தேன். கணவர் ஒரு வாய் சாப்பிட்டார். ஒரு தம்ளர் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஞாயித்துக்கிழமை ஜன்னல் யாருக்குன்னு பேசிட்டாங்களா? இல்லேன்னா, நீ போய் ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா கேட்டுப் பாரேன்."